விட்டு விட்டு வரும் கோளாறு: பழைய கார் கற்றுத் தந்த பாடம்

நன்றாக ஓடிக் கொண்டிருக்கும் கம்ப்யூட்டர் திடீரென்று தானாகவே ரீஸ்டார்ட் ஆகிறது. பயந்து போய் சர்வீஸ் இன்ஜினியரை அழைக்கிறோம். அவர் வந்து உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் ஆனாலும் எந்தக் கோளாறும் வருவதில்லை. "நல்லாத்தானே சார் இருக்கு" என்று சொல்லிவிட்டு, வந்த கட்டணத்தை வாங்கிக் கொண்டு போய்விடுகிறார். அவர் தெரு முனையைத் தாண்டுவதற்குள் மறுபடியும் ரீஸ்டார்ட்! கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் இந்த அனுபவம் நம்மில் பலருக்கும் ஏற்பட்டிருக்கும்.

முழுவதுமாகக் கெட்டுப் போன பொருளைச் சரி செய்வது எளிது. எப்போது சோதித்தாலும் கோளாறு கண் முன்னே இருக்கும். விட்டு விட்டு வரும் கோளாறுதான் ஆளை வாட்டி எடுக்கும். இதை எப்படிப் பிடிப்பது என்பதனை நான் கம்ப்யூட்டரிடம் கற்கவில்லை. எங்கள் வீட்டுப் பழைய காரிடம் கற்றுக் கொண்டேன். ஆனால் காரைச் சரி செய்ய உதவியது வீட்டில் இருந்த கம்ப்யூட்டர்தான். எனவேதான் அந்தக் கதையை இங்கு எழுதுகிறேன்.

வாரம் மூன்று நாள் பயணம்

நான் ராஜபாளையத்தில் வீட்டிலிருந்தபடியே கடைகளுக்குக் கணக்கு எழுதித் தருபவன். அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயல் இழந்ததால், செவ்வாய், வியாழன், சனி என வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் செய்திட வேண்டும். இதற்கு இடம் கிடைத்தது ஸ்ரீவில்லிபுத்தூரில். இரண்டு ஊர்களுக்கும் இடையே சுமார் 11 கிலோமீட்டர் தூரம்தான். திருமங்கலத்திலிருந்து கொல்லம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை. கேரளாவுக்குச் செல்லும் லாரிகள் இரவு பகலாக ஓடும் சாலை.

மதியம் அம்மாவை அழைத்துச் சென்று, படுக்கையில் சேர்த்து, மெஷினில் இணைக்கும் வரை ஒரு மணி நேரத்திற்கு மேல் உடன் இருப்பேன். பின்னர் வீட்டிற்குத் திரும்பி வேலை பார்ப்பேன். இரவு ஏழு மணிக்கு மீண்டும் சென்று அழைத்து வருவேன். ஆக ஒரு நாளைக்கு நான்கு நடை. இந்தப் பயணங்களுக்கெல்லாம் எங்களிடம் இருந்தது 1997 ஆம் ஆண்டு வாங்கிய, கார்புரேட்டர் வைத்த சிறிய பெட்ரோல் கார் ஒன்றுதான்.

2023 ஆம் ஆண்டு ஐப்பசி மழைக் காலத்தில் அந்தக் கார் தொல்லை கொடுக்க ஆரம்பித்தது. மூன்று விதமான அறிகுறிகள்:

1. இரவில் ஓடிக் கொண்டிருக்கும்போது ஹெட்லைட் மங்கி, துடித்து, மீண்டும் பழையபடி எரியும்.

2. டேஷ் போர்டில் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சட்டென்று மேலே ஏறும். சிறிது நேரத்தில் தானாகவே இறங்கும்.

3. சில நேரங்களில் சாவியைத் திருப்பினால் "டக்" என்று ஒரு சத்தம் மட்டும் வரும். இன்ஜின் சுற்றாது. அரை மணி நேரம் கழித்துத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும்.

ஒரு செவ்வாய்க்கிழமை இரவு மருத்துவமனை வாசலில் இந்த "டக்" வந்தது. டயாலிசிஸ் முடிந்தவுடன் அம்மா துவண்டு போய் இருப்பார். உட்காரவே தெம்பு இருக்காது. அந்த நிலையில் நாற்பது நிமிடம் பின் சீட்டில் சாய்ந்து கிடந்தார். கடைசியில் வாட்ச்மேனும் இரண்டு ஆட்டோ டிரைவர்களும் சேர்ந்து தள்ள, இரண்டாவது கியரில் கிளட்சை விட்டதும் இன்ஜின் பிடித்துக் கொண்டது. அதே வாரம் சனிக்கிழமை, மடவார்வளாகம் தாண்டியதும் எதிரே லாரி வரும்போது ஹெட்லைட் மங்கியது. அன்று நான் பயந்தது போல் என்றும் பயந்ததில்லை.

"வண்டியை வித்துட்டு டாக்ஸி வச்சுக்கோ" என்றார் அண்ணன். மாதம் 13 நாள் டாக்ஸி என்றால் என் வருமானத்தில் பாதி போய்விடும். அம்மாவுக்கோ அந்தக் காரின் மேல் நம்பிக்கை. "இதுலதான்ப்பா எனக்கு காலை நீட்டி உட்கார முடியுது. செவ்வாய்க்கிழமை மட்டும் அதுக்கு என்னமோ ஆகாது, அவ்வளவுதான்" என்பார்.

பத்தாயிரம் ரூபாய் போன வழி

முதலில் பேட்டரி பழையது என்றார்கள். புதிய பேட்டரி 4,200 ரூபாய். நான்கைந்து நாள் கார் தங்கமாக ஓடியது. பின் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். அடுத்து ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றிப் பழுது பார்த்தார்கள், 2,800 ரூபாய். பிறகு இக்னிஷன் ஸ்விட்ச் மாற்றினார்கள், 1,100 ரூபாய். பிறகு ஆல்டர்னேட்டர் வேலை, 2,400 ரூபாய். ஒவ்வொரு முறையும் சில நாட்கள் சரியாக ஓடும்; பின் கோளாறு வரும். மொத்தம் 10,500 ரூபாய் செலவு.

இங்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். யாரும் என்னை ஏமாற்றவில்லை. வேலை முடிந்தபின் ஓட்டிப் பார்த்தார்கள், கோளாறு வரவில்லை, சரியாகிவிட்டது என்று நம்பினார்கள். நானும் நம்பினேன்.

இந்தக் காலத்துக் கார் என்றால் ஸ்கேனரை மாட்டி எரர் கோடு படிக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். இதற்கான ஓ.பி.டி. 2 இணைப்பு அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து கட்டாயமானது. இந்தியாவில் 2010ல் பாரத் ஸ்டேஜ் 4 விதிகள் வந்தபோதுதான் இந்த வசதி கட்டாயமாகத் தொடங்கியது. என் 1997 காரில் அப்படி எந்த சாக்கெட்டும் கிடையாது. கோளாறுகளை நினைவில் வைத்துக் கொள்ளும் கம்ப்யூட்டரும் அதில் கிடையாது. அந்த நினைவை நான்தான் கொடுத்தாக வேண்டும்.

ஒரு விட்டில் பூச்சியும் ஒரு நோட்டுப் புத்தகமும்

கம்ப்யூட்டர் உலகில் பிழையை "பக்" என்று அழைப்பதை நீங்கள் அறிந்திருப்பீர்கள். 1947 ஆம் ஆண்டு செப்டம்பர் 9 அன்று, ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் மார்க் 2 கம்ப்யூட்டரில் ஒரு ரிலேயில் விட்டில் பூச்சி ஒன்று சிக்கியிருந்தது. பிழைகளை "பக்" என்று சொல்லும் வழக்கம் இன்ஜினியர்களிடம் அதற்கு முன்பே உண்டு. எனவே நிஜமான பூச்சியே கிடைத்துவிட்டது என்று வேடிக்கையாகக் குறிப்பு எழுதி, அந்தப் பூச்சியையும் லாக் புத்தகத்திலேயே டேப் போட்டு ஒட்டி வைத்தார்கள். அந்தப் பக்கம் இன்றும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் உள்ளது.

எல்லாரும் இதில் பூச்சியைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு முக்கியமாகத் தெரிந்தது அந்த லாக் புத்தகம். எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, என்ன நடந்தது என்று உடனுக்குடன் எழுதும் பழக்கம் அவர்களிடம் இருந்தது. எனவே நானும் கம்ப்யூட்டரில் எக்ஸெல் திறந்து ஒரு ஷீட் தொடங்கினேன். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமிலும் இதனைச் செய்திடலாம்.

நெட்டு வரிசைகளுக்கு இந்தத் தலைப்புகளைக் கொடுத்தேன்: தேதி, நேரம், எங்கிருந்து எங்கே, கிளம்பும் முன் கார் எவ்வளவு நேரம் நின்றிருந்தது, மழை உண்டா, ஹெட்லைட் எரிந்ததா, வைப்பர், ஃபேன், என்ன கோளாறு, எந்த இடத்தில், எப்படிச் சரியானது, கடைசியாகச் செய்த மெக்கானிக் வேலை.

ஒரு சின்ன டிப்ஸ். எக்ஸெல்லில் இன்றைய தேதியை டைப் செய்திட வேண்டியதில்லை. கன்ட்ரோல் கீயை அழுத்திக் கொண்டு செமிகோலன் கீயைத் தட்டினால் தேதி வந்துவிடும். கன்ட்ரோல், ஷிப்ட் இரண்டையும் அழுத்திக் கொண்டு செமிகோலன் தட்டினால் நேரம் கிடைக்கும்.

நல்ல நாளையும் எழுதுங்கள்

முதல் வாரம் நான் ஒரு தவறு செய்தேன். கோளாறு வந்த நடைகளை மட்டுமே எழுதினேன். பார்த்தால் பெரும்பாலான வரிகளில் "மழை: உண்டு" என்று இருந்தது. ஆஹா, மழைத் தண்ணீர்தான் வயரிங்கில் இறங்குகிறது என்று முடிவு கட்டி, ஹெட்லைட் கனெக்டர்களுக்கெல்லாம் டேப் சுற்றினேன். பயன் இல்லை.

பிறகுதான் புத்தி வந்தது. ஐப்பசியில் கோளாறு இல்லாத நாட்களிலும் மழை பெய்யத்தானே செய்யும்? இரண்டையும் ஒப்பிட்டால்தானே மழைக்கும் கோளாறுக்கும் தொடர்பு உண்டா என்று தெரியும்? அன்று முதல் ஒன்றுமே நடக்காத நடைகளையும் ஒரு வரியாக எழுதினேன். முதல் வாரத்தின் விடுபட்ட நடைகளையும் நினைவு மறையும் முன் நிரப்பினேன்.

ஆறு வாரம் முடிந்தபோது 72 வரிகள் சேர்ந்திருந்தன. தலைப்பு வரிசையில் கர்சரை வைத்து கன்ட்ரோல், ஷிப்ட், எல் கீகளை ஒரு சேர அழுத்தினால் ஒவ்வொரு தலைப்பிலும் ஒரு சிறிய அம்புக்குறி கிடைக்கும். இதுதான் ஃபில்டர். இதனைக் கிளிக் செய்து நமக்கு வேண்டிய வரிகளை மட்டும் பார்க்கலாம். அப்படிப் பார்த்ததில் கிடைத்தவை இதோ:

1. கோளாறு வந்தது 12 நடைகளில். அவற்றில் மழை இருந்தது 6. கோளாறு இல்லாத 60 நடைகளில் மழை இருந்தது 30. இரண்டிலும் சரி பாதி. ஆக, மழைக்கும் இதற்கும் தொடர்பில்லை!

2. ஹெட்லைட் மங்கியது அல்லது சூட்டு முள் ஏறியது 8 முறை. இரவு நடைகளையும், பகலில் அடைமழைக்காக விளக்கு போட்டதையும் சேர்த்து, ஹெட்லைட் எரிந்தவை 40 நடைகள். எட்டு முறையும் இந்த நாற்பதுக்குள்ளேயே வந்தது. விளக்கு எரியாத 32 நடைகளில் ஒரு முறைகூட இல்லை.

3. ஸ்டார்ட் ஆகாமல் "டக்" என்றது 4 முறை. நான்கு முறையும் கார் ஓடி வந்து அரை மணி நேரத்திற்குள் மீண்டும் சாவியைத் திருப்பியபோதுதான். இன்ஜின் ஆறிக் கிடந்த காலை நேரத்தில் ஒரு முறைகூட இல்லை.

அம்மாவின் செவ்வாய்க்கிழமைக் கணக்கும் அடிபட்டுப் போனது. செவ்வாய், வியாழன், சனி மூன்றிலும் நான்கு நான்கு முறை வந்திருந்தது.

அதாவது சூடும், அதிக மின்சாரம் இழுக்கும் பளுவும் இருக்கும்போது மட்டும் கோளாறு வருகிறது. இதுவரை சரி. ஆனால் கோளாறு எங்கே இருக்கிறது?

விரல் நின்ற இடம்

ஷீட்டைப் பிரிண்ட் எடுத்துக் கொண்டு ராஜபாளையத்தில் உள்ள வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் போனேன். எக்ஸெல் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. கண்ணாடியை மாட்டிக் கொண்டு நான்கு தாள்களையும் நிதானமாகப் படித்தார். நான் பெரிதாக நினைத்த ஹெட்லைட் வரிசையை அவர் பார்த்துவிட்டு நகர்ந்தார். கடைசி வரிசையில், "கடைசியாகச் செய்த வேலை" என்ற இடத்தில் அவர் விரல் நின்றது.

"ஸ்டார்ட்டர் பண்ணின பிறகு ரெண்டு நடைநாள் நல்லா ஓடியிருக்கு. ஸ்விட்ச் மாத்தின பிறகும் ரெண்டு நாள். ஆல்டர்னேட்டருக்குப் பிறகு மூணு நாள். ஏன் தம்பி?"

"அந்தந்தப் பார்ட் கொஞ்சம் உதவியிருக்கும் அண்ணாச்சி" என்றேன்.

"நாலு பார்ட்டும் ஒரே அளவுக்கா உதவும்? நாங்க எதை மாத்தினோம்னு எழுதியிருக்கீங்க. எதைத் தொட்டோம்னு எழுதலையே. எந்த வேலைன்னாலும் முதல்ல பேட்டரி நெகட்டிவ் வயரைத்தான் கழட்டுவோம். முடிஞ்சதும் திரும்ப மாட்டுவோம். அதை யாரும் வேலைன்னு பில்லுல போடறதில்லை."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பேட்டரி, ஸ்டார்ட்டர், ஸ்விட்ச், ஆல்டர்னேட்டர் என நான்கு வேலைக்கும் பொதுவானது அந்த ஒரு கேபிள்தான். அதை இழுத்து, திருப்பி, மீண்டும் மாட்டும்போது உள்ளே கெட்டுப் போன இணைப்பு தற்காலிகமாகச் சேர்ந்திருக்கிறது. பெருமையோ புதிய பார்ட்டுக்குப் போயிருக்கிறது.

பீப் சத்தத்தை நம்பாதீர்கள்

காரில் பேட்டரியின் நெகட்டிவ் முனை இரும்பு உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். இதனை எர்த் என்பார்கள். விளக்குகளுக்கும் மோட்டார்களுக்கும் சென்ற மின்சாரம், தனி வயர் இல்லாமல், இந்த உடல் வழியாகவே பேட்டரிக்குத் திரும்பும். ஆனால் இன்ஜின் ரப்பர் மவுன்ட்டுகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் மின்சாரம் போகாது. எனவே பேட்டரியிலிருந்து இன்ஜினுக்கு ஒரு தடித்த எர்த் கேபிள் தனியாகச் செல்லும். என் காரில் அது கியர் பாக்ஸில் ஒரு போல்ட்டில் மாட்டப்பட்டிருந்தது.

முந்தைய மெக்கானிக் ஒருவர் இந்தக் கேபிளை மல்டிமீட்டரின் பீப் சோதனையில் வைத்துப் பார்த்தது எனக்கு நினைவிருந்தது. "பீப்" என்று சத்தம் வந்தது. கேபிள் நன்றாக இருக்கிறது என்றார். இதைச் சொன்னதும் பெரியவர் சிரித்தார்.

"வரப்பு மேல ஒரு ஆள் நடந்து போயிட்டா பாதை இருக்குன்னு அர்த்தம். அதுல லாரி போகுமா தம்பி?"

மிகச் சரியான விளக்கம். பீப் சோதனையில் மீட்டர் அனுப்புவது மில்லி ஆம்பியர் அளவு மின்சாரம். கேபிளில் ஒரே ஒரு இழை முழுதாக இருந்தாலும் பீப் வரும். ஆனால் சிறிய காரின் ஸ்டார்ட்டர்கூட சுமார் 100 ஆம்பியர் இழுக்கும். இணைப்பில் 0.04 ஓம் தடை இருந்தாலே 100 ஆம்பியரில் 4 வோல்ட் வீணாகிவிடும். 12 வோல்ட்டில் 4 போனால் ஸ்டார்ட்டருக்கு மிஞ்சுவது 8. அதனால்தான் வெறும் "டக்". இந்த 0.04 ஓமைச் சாதாரண மீட்டரில் ஓம் அளவையில் அளக்கவே முடியாது. மீட்டரின் வயர்களுக்கே அதைவிட அதிகத் தடை உண்டு.

எனவே பளு ஓடும்போது எவ்வளவு வோல்ட் வீணாகிறது என்று அளக்க வேண்டும். இதுதான் வோல்டேஜ் டிராப் சோதனை. மீட்டரை டி.சி. 20 வோல்ட் அளவில் வைத்து, கறுப்பு வயரைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், சிவப்பு வயரைக் கியர் பாக்ஸின் சுத்தமான உலோகத்திலும் வைக்க வேண்டும். ஒருவர் சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்யும்போது மற்றவர் மீட்டரைப் படிக்க வேண்டும். நல்ல இணைப்பில் இது 0.2 வோல்ட்டை ஒட்டியே இருக்கும்.

கார் ஆறியிருந்ததால் அப்போது 0.3 காட்டியது. பெரிய தவறு என்று சொல்ல முடியாது. "சூடு பண்ணிட்டு வாங்க" என்றார். ஷீட்டில் இருந்த சூழ்நிலையை அப்படியே உருவாக்கினோம். மாலை இருட்டியதும் ஹெட்லைட், ஃபேன், வைப்பர் எல்லாவற்றையும் போட்டுக் கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வரை சென்று திரும்பினேன். கடை வாசலில் நிறுத்தி, பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால், "டக்". மீட்டரில் 3.8 வோல்ட்!

தள்ளி ஸ்டார்ட் செய்து, விளக்குகளைப் போட்டோம். சூட்டு முள் மேலே ஏறியது. விளக்கை அணைத்ததும் இறங்கியது. ஒரு விநாடியில் ரேடியேட்டர் தண்ணீர் கொதித்து ஒரு விநாடியில் ஆறுமா? சூட்டை அளக்கும் சென்சாரின் எர்த் இன்ஜின்தான். ஆல்டர்னேட்டர் தரும் மின்சாரமும் இதே கேபிள் வழியாகத்தான் இன்ஜினுக்குத் திரும்ப வேண்டும். அங்கு தடை இருந்தால் இன்ஜினுக்கும் உடலுக்கும் இடையே வோல்ட் வேறுபடும், சென்சார் ஏமாறும். முள் காட்டியது சூட்டை அல்ல, எர்த் கோளாறை. முதல் நாளிலிருந்தே கார் இதைச் சொல்லிக் கொண்டிருந்தது; எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

பெரியவர் ஒரு மரக்குச்சியால் கேபிளின் கியர் பாக்ஸ் முனையை மெல்ல அழுத்தினார். முள் இறங்கியது. விட்டார், ஏறியது. போதுமே!

இன்ஜினை அணைத்து, ஆறிய பின் கேபிளைக் கழற்றி உறையைக் கிழித்தோம். வளையத்தை ஒட்டிய இடத்தில் செம்பு இழைகள் பச்சை பூத்து, பெரும்பாலும் அறுந்திருந்தன. வெளியே பார்த்தால் உறை பளபளவென்று இருந்தது. புதிய கேபிளுடன் மொத்தச் செலவு 400 ரூபாய். போல்ட் உட்காரும் இடத்தைப் பளிச்சென்று உலோகம் தெரியும் வரை தேய்த்து, பல் வாஷர் வைத்து இறுக்கி, மேலே வாஸ்லின் தடவினார். மறுபடி சூடாக்கிச் சோதித்ததில் 0.15 வோல்ட்.

எப்போது சரியாகிவிட்டது என்று சொல்லலாம்?

அன்று இரவே அம்மாவிடம் "சரியாயிடுச்சு" என்று சொல்ல ஆசைதான். சொல்லவில்லை. நான்கு முறை அப்படிச் சொல்லி ஏமாந்தவன் அல்லவா? ஷீட்டின்படி முன்பு ஒவ்வொரு வேலைக்குப் பின்னும் அதிகபட்சம் ஒரு வாரம் நன்றாக ஓடியிருக்கிறது. எனவே அந்த இடைவெளியைப் போல மூன்று மடங்காவது காத்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். மூன்று வாரம், 36 நடை, ஒவ்வொன்றையும் எழுதினேன். கோளாறு என்ற வரிசை காலியாகவே இருந்தது. அதன் பிறகுதான் சொன்னேன். அம்மா, "செவ்வாய்க்கிழமையும் சேர்த்துத்தானே?" என்று கேட்டார்.

இனி உங்கள் கம்ப்யூட்டருக்கு வருவோம்

தானாக ரீஸ்டார்ட் ஆகும் அல்லது உறைந்து போகும் கம்ப்யூட்டரையும் இதே வழியில் பிடிக்கலாம்.

1. உங்கள் கம்ப்யூட்டர் ஏற்கனவே ஒரு லாக் எழுதிக் கொண்டிருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் ஈவன்ட் வியூவர் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து திறந்திடுங்கள். அதில் விண்டோஸ் லாக்ஸ், பின்னர் சிஸ்டம் எனச் செல்லுங்கள். கெர்னல் பவர் 41 என்ற பதிவு இருந்தால், முறையாக ஷட் டவுன் ஆகாமல் கம்ப்யூட்டர் நின்று போயிருக்கிறது என்று பொருள். ஏன் நின்றது என்பதை அது சொல்லாது. ஆனால் அதன் பிறகு கம்ப்யூட்டர் மீண்டும் ஸ்டார்ட் ஆன தேதியும் நேரமும் கிடைக்கும்.

2. அதே இடத்தில் ரிலையபிலிட்டி என்று டைப் செய்தால் ரிலையபிலிட்டி ஹிஸ்டரி கிடைக்கும். எந்த நாளில் எந்தப் புரோகிராம் நின்றது, எந்த நாளில் புதிய அப்டேட் வந்தது என்பதனை நாள் வாரியாகக் காணலாம்.

3. இவற்றோடு நீங்களும் ஒரு ஷீட் தொடங்குங்கள். கம்ப்யூட்டருக்குத் தெரியாதவற்றை எழுதுங்கள்: அப்போது மின்விசிறி, மோட்டார், ஃபிரிட்ஜ் ஓடியதா, மின்சாரம் போய் வந்ததா, எவ்வளவு நேரம் ஓடியபின் நின்றது, பிரிண்டர் இணைந்திருந்ததா. ஒன்றும் நடக்காத நாட்களையும் மறக்காமல் எழுதுங்கள்.

4. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். ராம், எஸ்.எம்.பி.எஸ்., கேபிள் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது காரணம் என்பது கடைசி வரை தெரியாது.

5. எதை மாற்றினீர்கள் என்பதோடு எதைக் கழற்றி மாட்டினீர்கள் என்பதையும் எழுதுங்கள். ராமைக் கழற்றித் துடைத்து மாட்டியதும் சில நாள் சரியாகி மீண்டும் கோளாறு வந்தால், ராமின் முனைகளையும் அது உட்காரும் ஸ்லாட்டையும் சந்தேகியுங்கள். விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் கொண்டு ராமைச் சோதித்திடலாம்.

6. சும்மா நிற்கும்போது சோதித்து "நல்லாத்தான் இருக்கு" என்று முடிவுக்கு வராதீர்கள். எந்தச் சூழ்நிலையில் கோளாறு வருகிறதோ அதே சூழ்நிலையை உருவாக்கிச் சோதியுங்கள்.

எச்சரிக்கையும் உண்டு. கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பிளக்கை எடுத்த பின்னும் உள்ளே உயர் வோல்டேஜ் தேங்கியிருக்கலாம். கேபினட்டைத் தொட்டால் கையில் சுரீர் என்று இழுத்தால் உடனே எலக்ட்ரீஷியனை அழைத்து வீட்டு எர்த்தைச் சோதித்திடுங்கள். காரில் வேலை செய்பவர்கள் முதலில் நெகட்டிவ் வயரைக் கழற்றி, கடைசியில் அதை மாட்ட வேண்டும். ஃபியூஸ் அடிக்கடி போனால் பெரிய ஃபியூஸோ வயர்த் துண்டோ வைக்காதீர்கள். தீப்பிடிக்க அதுவே போதும்.

நினைவை மட்டும் நம்பினால் மழையையும் செவ்வாய்க்கிழமையையும் பழி சொல்லிக் கொண்டிருப்போம். நல்ல நாளும் கெட்ட நாளும் சேர்ந்த ஒரு தாளை அனுபவம் உள்ளவர் கையில் கொடுத்தால், நாம் பார்க்காததை அவர் பார்ப்பார். ஷீட் எழுதியது நான். அதைப் படிக்கத் தெரிந்தவர் அந்தப் பெரியவர். இரண்டும் சேர்ந்ததால்தான் கார் சரியானது.

உங்கள் வீட்டிலும் இப்படி விட்டு விட்டு வரும் கோளாறு ஏதேனும் இருந்தால் இன்றே ஒரு ஷீட்டைத் தொடங்குங்கள். அந்த ஃபைலை ஒரு பென் டிரைவிலும் காப்பி எடுத்து வைத்திட மறக்காதீர்கள். சந்தேகத்திற்குரிய கம்ப்யூட்டரிலேயே அதன் நோய்க் குறிப்பையும் வைத்திருப்பது நல்லதல்லவே!